ஒன்றரைக் கட்டை கீழே

இருநூற்று நாற்பது நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் இருக்கை ஒன்று, முதுகுச் சாய்வு ஒன்று. ஆக நானூற்று எண்பது மெத்தைகள். பழைய துணியைக் கிழித்து, துருப்பிடித்த பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மாவாகிப்போன ஃபோமைச் சுரண்டி எறிந்து, புதிய ஃபோமை அளவுக்கு வெட்டி, பசை தடவி ஒட்டி, மேலே கருஞ்சிவப்புத் துணியை இழுத்துப் பின் அடிக்க வேண்டும். புதுப்பிக்கப்பட்ட பொது அரங்கின் திறப்பு விழாவுக்குள் இவ்வளவும் முடிந்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் பசை காய மறுத்தது.

அந்தச் சோபாக் கடையை நடத்தியவர்கள் மூவர்: அண்ணன், அண்ணி, தம்பி. தெருப்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு சாத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அண்ணன் வெட்டுவார், அண்ணி தைப்பார், தம்பி இழுத்துப் பின் அடிப்பான். முப்பத்து நான்கு வயதான பிறகும் அவனுக்கு அந்தத் தெருவில் 'தம்பி' என்பதைத் தவிர வேறு பெயர் வழங்கவில்லை.

கடையின் மூன்று சுவர்களிலும் ஃபோம் பலகைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே எவ்வளவு முழங்கினாலும் சத்தம் வெளியே போகாது. அதனால்தான் அவர்களுடைய இசைக்குழு புதன்கிழமை மாலைகளிலும் ஞாயிறு மதியங்களிலும் அங்கேயே கூடியது. அண்ணன் பாடகர். தம்பி கிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் 'மாத்திரை' கீபோர்டு. பள்ளி வேன் ஓட்டும் 'ஹாரன்' டிரம்ஸ். ஆறு ஆண்டுகளில் அவர்கள் வாசித்ததெல்லாம் சில பிறந்தநாள் விழாக்களிலும் ஒரு பள்ளி ஆண்டு விழாவிலும்தான். துணியின் மாதிரியைப் பார்க்க வந்த அரங்க மேலாளர் அம்மையார், புதன்கிழமை ஒத்திகையைக் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, "திறப்பு விழாவில் நீங்களே நாலு பாட்டுப் பாடிடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார். அண்ணன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளாலும் அவருக்கு வணக்கம் சொன்னார். தம்பி மட்டும் பின் துப்பாக்கியைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டான். அது கூச்சம் என்று மேலாளர் நினைத்திருக்கக்கூடும்.

அது கூச்சமில்லை.

போன ஆண்டு அண்ணனுடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி கெட்டதில்லை என்று முடிவு வந்தபோது வீட்டில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஆனால் குரல் பழையபடி வரவில்லை. வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வாயில் ஒரு குழலை வைத்துத் தண்ணீருக்குள் குமிழிவிடுவது, உதடுகளைச் சேர்த்து வண்டு போல ரீங்காரமிடுவது என்று சிறுபிள்ளை விளையாட்டைப் போன்ற பயிற்சிகள். அண்ணன் முகம் சுளிக்காமல் போய்வந்தார்.

நான்கு மாதம் கழித்து முதல் ஒத்திகை நடந்தது. அண்ணன் தாமே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அண்ணியை நினைத்து எழுதியது. அதன் முடிவில் 'வா' என்ற ஒற்றைச் சொல்லை உச்சியில் எட்டு எண்ணிக்கை நிறுத்த வேண்டும். அன்று இரண்டு எண்ணிக்கைக்குள் குரல் கிழிந்தது. மறுபடி முயன்றார், மறுபடியும் கிழிந்தது. மைக்கை அதன் தாங்கியில் பதமாக வைத்துவிட்டு, வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அவ்வளவுதான்டா. கடையைக் கட்டிடலாம்" என்றார்.

"கடையை எதுக்குண்ணே கட்டணும்? பாட்டைத்தானே?" என்றார் ஹாரன்.

யாரும் சிரிக்கவில்லை. அன்றும் அடுத்த நாளும் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அண்ணி அந்தத் துண்டுகளை எடுத்துத் தம் தட்டில் போட்டுக்கொண்டு தின்றதைத் தம்பி பார்த்தான்.

அடுத்த புதன்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே, அவன் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கினான்; அதோடு பாட்டின் உச்சியும் அவ்வளவு கீழே வந்துவிடும். மாத்திரை வந்ததும் அவரைத் தெருவோரமாக அழைத்துப்போய், கீபோர்டில் சுருதியைத் தள்ளும் பொத்தானை ஒருமுறை அழுத்தும்படி கேட்டுக்கொண்டான்.

"அவருக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா பாட மாட்டாருண்ணே."

"நாலு பேருக்கு மருந்து குடுக்கிற கைடா இது. என்ன மருந்துன்னு சொல்லாம இதுவரைக்கும் குடுத்ததில்ல."

"ஒரு தடவை மட்டும்ணே. ஒரே ஒரு தடவை."

அன்று 'வா' எட்டு எண்ணிக்கையும் நின்றது. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு ஓடிவந்து தம்பியின் தலையைத் தம் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினார். அவர் சட்டையிலிருந்து பசை வாடை வந்தது. "வந்துடுச்சுடா, வந்துடுச்சுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணி நடுக்கதவில் வந்து நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அந்த இரவு அண்ணன் நான்கு ரொட்டி சாப்பிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

அதன் பிறகு கம்பிகளை மறுபடி ஏற்றிவிடுவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பது வாரம் கழித்து 'வா' மீண்டும் நடுங்கத் தொடங்கியது. தம்பி இன்னொரு அரைக் கட்டை இறக்கினான். கம்பிகள் தளர்ந்து கரகரத்ததால், தடித்த கம்பிகளாக வாங்கி மாட்டினான்.

"என்னடா, கம்பி மாத்திட்டே?" என்றார் அண்ணன்.

"சத்தம் கனமா வரும்ணே."

"நல்லாத்தான் இருக்கு. என் குரலும் கனமா வருது பாரு."

ஐந்து வாரம் கழித்து மூன்றாவது முறை. ஆக மொத்தம் ஒன்றரைக் கட்டை கீழே. மாத்திரை பொத்தானை அழுத்திவிட்டு, "நானாவது டாக்டர் சீட்டைப் பார்த்து டோஸை ஏத்துறேன். நீ எதைப் பார்த்து இறக்கிட்டே போறே?" என்று கேட்டார். டிரம்ஸின் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்த ஹாரனும் சேர்ந்துகொண்டார்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. தம்பி புளுகு மூணு மாசமா ஓடுது. எனக்கென்னப்பா, என் டிரம்முக்குச் சுருதியும் கிடையாது, வாயும் கிடையாது."

"சொல்லிடறேன்ணே. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். அவர் தொண்டை பொறுக்கணுமே" என்றார் ஹாரன். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அன்று அண்ணன் அந்தப் பாட்டை மூன்று முறை தொடர்ந்து பாடினார். மூன்று முறையும் 'வா' நின்றது. மறுநாள் வியாழக்கிழமை. காலையில் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. ஃபோம் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அன்றுதான் அரங்கிலிருந்து முதல் நாற்பது நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன.

தம்பி ஒரு சாய்வுக்குத் துணி இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அருகில் வந்தார். கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஒன்றை அவனிடம் கொடுத்தார். மற்றதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, உன் அண்ணன் இனிமே அந்தப் பயிற்சிக்குப் போகலையாம். காலையில போன் பண்ணி அந்த டீச்சர் அம்மாகிட்டயே சொல்லிட்டாரு. என் இடத்தை வேற யாருக்காவது குடுங்கன்னு."

"அவங்க என்ன சொன்னாங்களாம்?"

"ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்கன்னாங்களாம். இவர், பாடிக் காட்டுறேன் திறப்பு விழாவுக்கு வாங்கன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறாரு."

தம்பி தேநீரை ஊதினான். அது ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது.

"எனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும். உனக்குக் காது இருக்கு. அதான் உன்கிட்ட கேக்கறேன். நிஜமாவே குரல் சரியாயிடுச்சா? இல்லேன்னா சொல்லு, நான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியாவது அனுப்பிடறேன்."

வெளியே மழை தகரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மேசையின் அந்தப் பக்கம் அண்ணன் கத்தியைத் தீட்டும் ஓசை கேட்டது. கூடவே அவர் அந்தப் பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது.

"சரியாயிடுச்சு அண்ணி" என்றான் தம்பி.

அண்ணி அவனை நம்பினார். நம்பியதற்கு அடையாளமாகக் கையிலிருந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். போகும்போது அவன் தோளில் ஒட்டியிருந்த ஃபோம் துகளைத் தட்டிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து அனுப்பிய பையன் அவன். தட்டிவிட்ட இடம் நெடுநேரம் அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரங்களுக்கு வேலை அவர்களைத் தலைநிமிரவிடவில்லை. ஒரு நாளைக்கு இருபத்தைந்து மெத்தைகள். மாலையில் தம்பி விரல்களில் காய்ந்த பசையைத் தின்னர் தொட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கிட்டாரைத் தொடுவான். இல்லாவிட்டால் விரல்கள் கம்பியில் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். ஒத்திகையின்போது அவன் அண்ணனின் வாயைப் பார்ப்பதில்லை. தன் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தான். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பான். அண்ணன் குளியலறையில் பாடுவது கேட்கும். சரி, விழா முடியட்டும் என்று நினைத்துக்கொள்வான்.

விழாவுக்கு முந்திய நாள் மதியம், கடைசி நாற்பது இருக்கைகளை ஹாரனின் வேனில் ஏற்றிக்கொண்டு நால்வரும் அரங்குக்குப் போனார்கள். அண்ணி கடையில் வேறொரு வேலைக்கான உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அரங்கில் புதிய வண்ணப்பூச்சின் நெடி நிறைந்திருந்தது. வரிசை வரிசையாக உட்கார்ந்தும் குனிந்தும் மண்டியிட்டும் இருக்கைகளைத் திருகாணியால் பொருத்தினார்கள். மாத்திரைக்கு இந்த வேலை பழக்கமில்லை. திருப்புளியைச் சிரப்புப் போத்தலைப் போலக் குலுக்கிப் பிடித்ததைப் பார்த்து அண்ணன் கேலி செய்தார்.

அப்போது மேலாளர் அம்மையார் வந்தார். மேடையின் ஓரத்தில் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார். கறுப்புப் பியானோ ஒன்று.

"எத்தனையோ வருஷமா பூட்டியே கிடந்தது. பழுது பார்த்து, நேத்துதான் சுருதி சேர்த்து முடிச்சாங்க. இதைக் குடுத்த குடும்பத்துக்காரங்க நாளைக்கு வர்றாங்க. உங்க முதல் பாட்டு இந்தப் பியானோவோட இருந்தா அவங்களுக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும். சிரமமில்லையே?"

"சிரமமா? நாங்க குடுத்து வச்சிருக்கணும்மா" என்றார் அண்ணன். "மாத்திரை! உன் பிளாஸ்டிக் பெட்டியை முதல் பாட்டுக்கு ஓரமா வை. நாளைக்கு நீ ராஜா மாதிரி இங்க உட்காரப் போறே."

மாத்திரை தம்பியைப் பார்த்தார். மேலாளர் போன பிறகு, நாற்காலி எண் ஒட்டும் சாக்கில் அவனருகில் வந்து குனிந்தார்.

"பியானோவுல பொத்தான் கிடையாது, தம்பி."

"தெரியும்ணே."

"எனக்கு அந்தப் பாட்டு ஒரே இடத்துல தான் வாசிக்கத் தெரியும். நான் எப்பவும் பழைய சுருதிக் கட்டையிலதான் விரல் வைக்கிறேன், இறக்குறதெல்லாம் பொத்தான். ஒரே நாள்ல தள்ளி வாசிக்கிற அளவுக்கு நான் வித்வான் இல்ல."

"ஏதாவது சாக்கு சொல்லிப் பியானோ வேண்டாம்னு…"

"இன்னொரு பொய்யா? போதும்டா. ஒண்ணு நீ சொல்லு. இல்லேன்னா நாளைக்கு இந்த இருநூத்து நாப்பது பேருக்கு நடுவுல பியானோ சொல்லிடும்."

அதற்குள் அண்ணன் மேடையேறிவிட்டார். திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பியானோவின் விளிம்பில் கையூன்றி நின்றார். "வாய்யா மாத்திரை! ஒரு தடவை பாடிப் பார்த்துடலாம். ஃபோம் சுவர் இல்லாத இடத்துல என் குரல் எப்படி ஓடுதுன்னு கேக்கணும் எனக்கு."

மாத்திரை மேடைக்குப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டார். வேண்டுமென்றே மெதுவாகத்தான் எல்லாம் செய்தார். பிறகு வேறு வழியில்லாமல் முதல் சுரங்களைத் தொட்டார். பாட்டு அதன் பழைய உயரத்தில், பளிச்சென்று அரங்கம் முழுவதும் பரவியது. அண்ணன் மூச்சை இழுத்தார்.

"அண்ணே, பாடாதீங்க" என்றான் தம்பி.

ஏழாவது வரிசையில் மண்டியிட்டபடியே சொன்னான். அரங்கம் காலியாக இருந்ததால் அவன் சொன்னது அவன் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. மாத்திரையின் கை நின்றது.

"ஏன்டா?"

"அது உங்க சுருதி இல்ல."

"என் பாட்டு. என் சுருதி இல்லையா?"

"நாம இப்ப பாடிட்டிருக்கிறது இது இல்லண்ணே. கீழே. நான் இறக்கிட்டேன். நாலு மாசமா."

"என்னத்தை இறக்கிட்டே?"

"கம்பியை. கீபோர்டையும். முதல்ல அரைக் கட்டை. அப்புறம் இன்னொரு அரை. அப்புறம் இன்னொண்ணு. உங்களுக்கு எட்டாமப் போகும்போதெல்லாம் இறக்கினேன். நீங்க ஏறி வரலண்ணே. பாட்டுதான் இறங்கி வந்துச்சு."

அண்ணன் மாத்திரையைப் பார்த்தார். மாத்திரை பியானோவின் வெள்ளைக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் கடைசி வரிசையில் எழுந்து நின்று, எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"வாசி" என்றார் அண்ணன்.

"அண்ணே, வேண்டாமே…"

"வாசின்னா வாசி."

மாத்திரை வாசித்தார். அண்ணன் பாடினார். 'வா'வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது அடியிலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றோடு அவர் இன்னும் ஒரு அடி பாடினார். பிறகு நிறுத்தினார். கழுத்தின் தழும்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். மேடையிலிருந்து படிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

"ஹாரன், பின்வரிசையில எத்தனை பாக்கி?"

"பதினொண்ணு இருக்குண்ணே."

"முடிச்சிடுவோம்."

பதினோரு இருக்கைகளையும் அவர்கள் பேசாமல் பொருத்தினார்கள். அண்ணன் ஒருமுறை திருகாணிக்காகக் கையை நீட்டினார், தம்பி எடுத்துக் கொடுத்தான், அவர் வாங்கிக்கொண்டார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது.

வேனில் திரும்பும்போது தம்பி அவருக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. கண்ணாடியில் மழைநீர் வழிந்தது. அண்ணன் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறதை நிறுத்தினப்போ, உங்க அண்ணி உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?"

தம்பி விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினான்.

"கேட்டிருப்பா. எனக்குத் தெரியும். என்ன சொன்னே?"

"சரியாயிடுச்சுன்னு சொன்னேன்."

அண்ணன் தலையை மெல்ல ஆட்டினார்.

"எனக்குப் பொய் சொன்னே பாரு, அது கூட விடு. ஆசைப்பட்டுக் கேட்டேன், நீ குடுத்தே. அவ ஆசைப்பட்டாடா கேட்டா? பயந்து போய்க் கேட்டிருக்கா. பயந்து கேக்கிறவகிட்ட போய்ப் பொய் சொல்லியிருக்கியே."

ஓட்டிக்கொண்டிருந்த ஹாரன் தொண்டையைச் செருமினார். வேகத்தைக் குறைத்தார்.

"இன்னிக்கே அண்ணிகிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம். மூணு வாரமா குனிஞ்ச தலை நிமிராமத் தைச்சிருக்கா. நாளைக்கு வந்து நிம்மதியா உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேக்கட்டும். மறுநாள் காலையில நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"சரிண்ணே."

"நாளைக்கு முதல் பாட்டுக்குப் பியானோவும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். கிட்டார் மட்டும். நீ இறக்கி வச்சிருக்கிற இடத்துலயே பாடறேன். ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்ட எதையும் மறைக்காதே."

"மாட்டேன்ணே" என்றான் தம்பி.

விழா நாளன்று மழை விட்டிருந்தது. அண்ணி சாம்பல் நிறப் புடவை உடுத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். உட்காருவதற்கு முன் தாம் தைத்த இருக்கையின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். மேலாளர் அம்மையாரிடம் அண்ணன் நேராகவே சொல்லிவிட்டார்: "மன்னிக்கணும்மா, அந்தப் பியானோ உயரத்துக்கு என் குரல் இப்ப எட்டாது. கடைசிப் பாட்டை மாத்திரை அதுல தனியா வாசிப்பார்." மேலாளர் பெருந்தன்மையானவர், ஒப்புக்கொண்டார்.

அன்று காலை முதல் அண்ணனின் குரல் கம்மியிருந்தது. தண்ணீர் கேட்டபோது தம்பிக்கு அது தெரிந்தது. வண்ணப்பூச்சின் நெடியாக இருக்கலாம். முந்திய நாள் வம்புக்குப் பாடியதாக இருக்கலாம். மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், தம்பி முதுகைத் திருப்பி நின்று சுருதி சேர்த்தான். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டான். அண்ணன் அவன் தோளைத் தட்டி, "போலாமா?" என்றார். அந்த ஒரு தட்டலுக்காக அவன் முந்திய நாளிலிருந்தே ஏங்கிக்கொண்டிருந்தான். கிடைத்தபோது குற்றவாளியைப் போலத் துணுக்குற்றான்.

பாட்டு நன்றாகவே அமைந்தது என்று கேட்டவர்கள் சொன்னார்கள். கிட்டார் ஒன்று மட்டும் உடன்வர, அண்ணன் கண்களை மூடிக்கொண்டு பாடினார். 'வா' வந்தது. தம்பி எண்ணினான். எட்டு. எட்டாவது எண்ணிக்கைக்குப் பிறகு, குரல் ஓய்ந்த இடத்தில், ஒரு சிறிய கரகரப்பு மிஞ்சி நின்றது. மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பதைப் போல. கைதட்டலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அண்ணி எழுந்து நின்று கைதட்டினார். மேடையிலிருந்து குனிந்து வணங்கும்போது தம்பியின் கண்கள் அவரைத் தவிர்த்து நான்காவது வரிசையில் போய் நின்றன.

மறுநாள் காலை அண்ணி தையல் இயந்திரத்தில் அமர்ந்திருந்தார். ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு பெஞ்சுக்கு உறை. தம்பி எதிரில் போய் நின்று, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். முதல் அரைக் கட்டையிலிருந்து, தேநீர்க் கோப்பையோடு அவர் வந்து கேட்ட நாள்வரை. அண்ணி இயந்திரத்தை நிறுத்தவில்லை. தையலை அதன் முனைவரை கொண்டுபோய் முடித்து, நூலை வெட்டி, உறையை மடித்து வைத்தார்.

"மூணு வாரம்" என்றார்.

"அண்ணி…"

"மூணு வியாழக்கிழமை போயிருப்பார். நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "நான் உன்னை நம்பினேன் தம்பி. அவரைவிட உன்னைத்தான் நம்பினேன். அவர் ஆசையில சொல்லுவார்னு தெரியும். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

அண்ணி எழுந்து இயந்திரத்தை மூடினார்.

"சட்டையை மாத்திட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வரணும்."

குரல் பயிற்சியாளர் அம்மையாரின் அறை சிறியது. சுவரில் தொண்டையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று தொங்கியது. அவர் அண்ணனை 'ஆ' சொல்லச் சொன்னார். 'ஈ' சொல்லச் சொன்னார். ஒரே மூச்சில் எத்தனை நொடி நிற்கிறது என்று கடிகாரத்தில் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. பிறகு, "நடுவுல எப்போ மாற்றம் தெரிஞ்சுதுன்னு சொல்ல முடியுமா? தோராயமா இருந்தாலும் போதும்" என்று கேட்டார்.

"அதைச் சரியாவே சொல்ல ஒரு ஆள் இருக்கான்" என்றார் அண்ணி.

தம்பி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். முதல் முறை எப்போது என்று சொன்னான். அந்த வாரம் கடைக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் சுழல் நாற்காலிகள் வந்திருந்தன. அதனால் நாள் நினைவிருந்தது. இரண்டாவது, ஒன்பது வாரம் கழித்து. மூன்றாவது, அதிலிருந்து ஐந்து வாரம். ஒவ்வொரு முறையும் அரைக் கட்டை. பயிற்சியாளர் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். ஒன்பது, ஐந்து என்ற எண்களைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டார்.

"குணமாகிற தொண்டை இப்படிப் போகாது" என்றார் மெதுவாக. "இடைவெளி குறைஞ்சுகிட்டே வருது. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்றேன். இது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அண்ணி தம் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார்.

"இதான் கடைசியா? மூணாவதுக்கு அப்புறம் இறக்கத் தேவைப்படலையே?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்லம்மா. அங்கேயே நின்னுடுச்சு" என்றார் அண்ணன். "நேத்து மேடையில கூட அங்கேதான் பாடினேன். எட்டு எண்ணிக்கை."

பயிற்சியாளர் பேனாவை மூடப்போனார். தம்பி அவருடைய கையைப் பார்த்தான். மூடி பேனாவின் முனையில் பொருந்திக்கொண்டிருந்தது. அறையில் ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டார்கள்.

"இல்ல" என்றான். "இன்னொண்ணு இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து சாயங்காலம். மேடைக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. காலையிலேர்ந்தே அண்ணனுக்குக் கம்மியிருந்துச்சு. எட்டாதுன்னு பட்டுச்சு. கிட்டார் மட்டும்தானே, யாருக்கும் தெரியாதுன்னு… இன்னும் அரைக் கட்டை இறக்கினேன். மொத்தம் ரெண்டு கட்டை."

சொல்லிவிட்டு அவன் அண்ணனைப் பார்த்தான். வேனில் அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு நாள் முழுதாக நிற்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அண்ணனின் முகத்தில் மேடையின் அந்த எட்டு எண்ணிக்கை ஒவ்வொன்றாக அணைவதை அவன் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையைச் சற்றே உயர்த்தி அவரை நிறுத்தினார்.

பயிற்சியாளர் தயங்கினார். "இது சரியான கணக்குதானா? பதற்றத்துல சொல்றாரோ என்னவோ."

"எழுதிக்கோங்கம்மா" என்றார் அண்ணன். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. "சரியாத்தான் இருக்கும். அவன் வாய்தான் பொய் சொல்லும். காது சொல்லாது."

பயிற்சியாளர் மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவது வரியை எழுதி, பக்கத்தில் 'மூன்று வாரம்' என்று குறித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, இன்றைக்கே பார்க்க முடியுமா என்று யாரிடமோ கேட்கத் தொடங்கினார்.